நிலையம் வருகிறது; நாம் என்ன கேட்கப் போகிறோம்?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், நகரமைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம். – மலர்க் குழு)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. மெட்ரோ நிலையம் வருவதைக் காட்டி நம் நகருக்குள் கடைகளோ புதிய அடுக்குமாடிகளோ வரக்கூடாது என்று சி.எம்.டி.ஏ-வுக்கு மனு கொடுப்பது என்பதே அது. வாக்கெடுப்புக்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். தீர்மானத்தை எழுதியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அந்தக் கவலையில் பாதிக்கு மேல் நியாயம். ஆனால் இந்த மனு அந்தக் கவலையைத் தீர்க்காது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என்ன வருகிறது?

முதலில் நம் வாசலுக்கு என்ன வருகிறது என்று தெளிவாகப் பார்த்துவிடுவோம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், மொத்தம் 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது சொல்லப்பட்ட செலவு ரூ.63,246 கோடி. இதில் நான்காவது வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி மயிலாப்பூர், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி வழியாக நம் ஆற்காடு சாலைக்கு வந்து, போரூர் தாண்டிப் பூந்தமல்லி போகிறது. ஐந்தாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து கோயம்பேடு வழியாக வந்து, ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறது.

இந்த இரண்டும் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒரே தூண்களின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. தூண்களைப் பார்த்துத் தலை நிமிர்ந்து ஆச்சரியப்படாதவர் நம்மில் இல்லை. அந்த உயரத்தின் அர்த்தம் இதுதான்: வளசரவாக்கத்தில் ஏறினால் கடற்கரைக்கும் போகலாம், கோயம்பேட்டுக்கும் போகலாம், ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சோழிங்கநல்லூருக்கும் போகலாம். இப்படி இரண்டு வழித்தடங்கள் சேரும் இடங்கள் இந்த ஊரில் எண்ணிவிடக்கூடியவை. அதனால் நாம் மனு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நம் மனைகள் மீது எல்லோருடைய கண்ணும் விழத்தான் போகிறது. இப்போதே விழுந்துவிட்டது. 'கூட்டு முயற்சிக்கு நிலம் தேவை' என்ற துண்டுச்சீட்டு வராத தபால் பெட்டி நம் தெருவில் எது?

பழைய பழக்கத்துக்குப் புதிய பெயர்

ரயில், பேருந்து நிலையங்களைச் சுற்றி நடந்துபோகும் தூரத்துக்குள் வீடு, கடை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் நெருக்கமாக அமைய வேண்டும் என்பதைப் 'போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி' என்கிறார்கள். அமெரிக்க நகரமைப்பாளர் பீட்டர் கால்தார்ப் 1993-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் மத்திய அரசு 2017-ல் இதற்கென ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த மெட்ரோ ரயில் கொள்கையும் இதை வலியுறுத்துகிறது.

பெயர்தான் புதியது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கீழே கடை, மேலே வீடு, நாலு எட்டு வைத்தால் கோயில், பள்ளிக்கூடம், வைத்தியர் என்று மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்திருக்கிறார்கள். இந்த ஊரில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்த ரயில் நிலையங்களைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள்தாம். நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு வந்த தலைமுறை நம்முடையது.

எவ்வளவு தூரம் நடக்கலாம்? தேசியக் கொள்கை நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை என்கிறது. அதாவது பத்து, பன்னிரண்டு நிமிட நடை. நிலையத்தை நடுவில் வைத்து 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் உள்ளே வருவது சுமார் 194 ஏக்கர். 800 மீட்டரில் போட்டால் சுமார் 497 ஏக்கர். நம் நகரின் எல்லா வீடுகளும் பெரிய வட்டத்துக்குள் வருகின்றன. பாதிக்கு மேற்பட்டவை சின்ன வட்டத்துக்குள்ளேயே வருகின்றன. ஆகவே 'இது ஆற்காடு சாலைக்காரர்கள் பிரச்சினை' என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

இந்த ஊரே சொல்லித்தரும் மூன்று பாடங்கள்

முதல் பாடம் பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஓடத் தொடங்கியது. வேளச்சேரி போய்ச் சேர 2007 ஆயிற்று. ஒவ்வொரு நிலையத்துக்கும் அரண்மனை மாதிரிக் கட்டடம் எழுப்பினார்கள். மேலே தளம் தளமாகக் கடைகள் வரும், அலுவலகங்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததா? பல நிலையங்களில் ஆளில்லாத கூடங்களையும் இருட்டான படிக்கட்டுகளையும்தான் பார்த்தோம். பாதை பெரும்பாலும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் போனது. தெருவிலிருந்து நிலையத்துக்குப் போக ஒழுங்கான நடைபாதை இல்லை. இறங்கினால் பிடிக்கப் பேருந்து இல்லை. இருட்டிய பிறகு தனியாக வரும் பெண் எப்படி அந்தப் படியில் இறங்குவாள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் ஊர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

இரண்டாவது பாடம் தியாகராய நகர். 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, ரயில் நிலையத்தை ஒட்டி அழகாகத் திட்டமிட்ட குடியிருப்பு அது. வீடும் கடையும் கலந்து இருந்த காலத்தில் அதுதான் இந்த ஊரின் மிகச் சிறந்த பகுதி. பிறகு வணிகம் எல்லை இல்லாமல் வளர்ந்தது. வீடுகள் கிடங்குகளாயின, குடியிருந்தவர்களில் பலர் வெளியேறினார்கள். ஏரியாக இருந்த இடத்தைப் பெருமழை இன்றும் மறக்கவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சுமார் 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் 2023-ல்தான் திறக்கப்பட்டது. ரயிலிலிருந்து பேருந்துக்கு நெரிசலில்லாமல் நடக்க அத்தனை ஆண்டு காத்திருந்தோம். கலந்து வாழ்வது நல்லது. ஆனால் எது, எங்கே, எவ்வளவு என்ற வரம்பு இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும்.

மூன்றாவது பாடம் பெரும்பாக்கம். நகரின் நடுவில், ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் குடியிருந்த குடும்பங்களை அங்கே கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது. வேலை செய்யும் இடமோ பல கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம் என்பது ஒரு நாள் கூலியில் பாதியை விழுங்கும் விஷயம். நெருக்கமான வளர்ச்சி என்று நாம் பேசும்போது அதற்குள் யாருக்கெல்லாம் இடம் என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிரேசில் நாட்டில் குரிட்டிபா என்று ஒரு நகரம். ஜெய்மி லெர்னர் என்பவர் 1971-ல் அதன் மேயரானார். மெட்ரோ கட்டப் பணமில்லை. 1974-ல் பேருந்துகளுக்கென்றே தனிப்பாதை போட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டிய மனைகளில் மட்டும் உயரமான கட்டடங்களை அனுமதித்தார்கள். அதிலிருந்து உள்ளே போகப் போக உயரம் குறைய வேண்டும் என்று விதி செய்தார்கள். பாதை போட்ட நாளிலேயே கட்டட விதியையும் போட்டதுதான் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம்.

ஒரு கிரவுண்டுக் கணக்கு

இப்போது நம் மனைக்கு வருவோம். 'எஃப்.எஸ்.ஐ., எஃப்.எஸ்.ஐ.' என்று தரகர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழில் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு இதை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம். இப்போது 4,800 சதுர அடி. சாலையின் அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் செலுத்தி இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. ஒரு குடும்பம் இருந்த தனி வீட்டில் ஐந்து குடும்பங்கள் வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பயத்தைக் குறைப்பது. இன்றைய விதிப்படி 18.3 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். நம் உட்தெருக்கள் 20 அடியும் 30 அடியும்தான். ஆகவே 'எங்கள் தெருவில் இருபது மாடி வந்துவிடும்' என்ற பயத்துக்கு இப்போதைக்கு ஆதாரமில்லை. ஆற்காடு சாலை முகப்பில் வரலாம்.

இரண்டாவது, பயத்தைக் கூட்டுவது. இதைப் பற்றி நம் கூட்டங்களில் யாரும் பேசியதில்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும், அல்லது அளவைப் பொறுத்து ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். அதற்குக் குறைந்த மனைக்கு அந்தக் கடமை இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ பதிமூன்றரை கிரவுண்டு. நம் நகரில் அந்த அளவு மனை யாரிடம் இருக்கிறது? ஒன்று, இரண்டு கிரவுண்டாக, வீடு வீடாக இடித்துக் கட்டிக்கொண்டே போனால், பத்து வருடத்தில் மக்கள்தொகை மூன்று, நான்கு மடங்கு ஆகலாம். பூங்காவோ விளையாட்டுத் திடலோ ஒரு சதுர அடி கூடக் கூடாது. யாரும் விதியை மீறியிருக்க மாட்டார்கள். ஆனால் குழந்தைகள் விளையாட இடமிருக்காது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தனி வீடுகளுக்குப் போட்ட அதே அளவிலேயே இருக்கும். ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி தருவதில் இருக்கும் ஆபத்து இதுதான். பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம் ஒன்று வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

'எதுவும் வேண்டாம்' என்றால் என்ன ஆகும்?

தீர்மானம் சொல்கிறபடி நாம் எல்லாவற்றையும் எதிர்த்து, அது பலித்தும் விட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காதவர்கள் சென்னையை விட்டுப் போய்விட மாட்டார்கள். குன்றத்தூர், மாங்காடு என்று இன்னும் தள்ளிப் போவார்கள். அங்கிருந்து இருசக்கர வண்டியில் வந்து, நம் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, ரயில் ஏறுவார்கள். கூட்டம் நமக்கு, வீடு அவர்களுக்கு வேறெங்கோ. இதில் யாருக்கு லாபம்?

கடைகள் கூடாது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். மூலையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர், மாவு அரைத்துத் தருகிற அக்கா, மருந்துக் கடை, டியூஷன் எடுக்கிற டீச்சர் வீட்டு மாடி இவையெல்லாம் கடைதானே? இன்றைய விதியிலேயே குடியிருப்புப் பகுதியில் சிறு கடைகளுக்கும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் அறைகளுக்கும் அளவு வரம்புடன் இடமுண்டு. நம்மில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்! வண்டி ஓட்ட முடியாத வயதில் நடந்து போய் மாத்திரை வாங்க முடிவதுதான் சொந்தக் காலில் வாழ்வது. ஒட்டுமொத்தமாகத் தடை கேட்டால் முதலில் அடிபடுவது இஸ்திரிக்காரர். பெரிய ஷோரூம்காரர் எப்படியும் அனுமதி வாங்கிவிடுவார்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது வீட்டுச் சொந்தக்காரர்கள். நம் நகரில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு வாக்கில்லை. நிலையம் திறந்தால் நமக்கு மனை விலை ஏறும், அவர்களுக்கு வாடகை ஏறும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போக வேண்டிவரும். அவர்கள் சார்பிலும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

எதிர்ப்பு மனுவுக்குப் பதிலாகக் கோரிக்கை மனு கொடுப்போம் என்பது என் யோசனை. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்த இருபதாண்டுக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிவரும் காலம் இது. இப்போது சொன்னால் காதில் விழும். கட்டி முடித்த பிறகு சொன்னால் புலம்பல்தான். நான் எட்டுக் கோரிக்கைகளை எழுதிவைத்திருக்கிறேன்.

1. உயரத்துக்கு எல்லை. ஆற்காடு சாலை முகப்பில் உயரமும் வணிகமும் வரட்டும். அதற்கு அடுத்த தெருவில் நடுத்தர உயரம். உள்ளே தற்போதைய வரம்பே தொடரட்டும். படிப்படியாக இறங்கும் இந்த அமைப்பை வரைபடத்தில் எழுதி வெளியிட வேண்டும்.

2. கட்டடத்துக்கு முன் நடைபாதை. நம் நகரிலிருந்து நிலையத்துக்குப் போகும் மூன்று தெருக்களிலும் இருபுறமும் தடையில்லாத நடைபாதை, விளக்கு, நிழல் தரும் மரம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு, ஆற்காடு சாலையைக் கடக்கத் தரைமட்டத்திலேயே சிக்னலுடன் கூடிய இடம். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. புதிதாக எதுவும் கேட்கவில்லை, அவர்கள் சொன்னதைத்தான் கேட்கிறோம்.

3. இறங்கியதும் பேருந்து. நிலைய வாசலிலேயே மாநகரப் பேருந்தும் சிற்றுந்தும் நிற்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குத் தனி இடம் வேண்டும். இதையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் கும்டா என்ற போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2010-ல் வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி வந்துவிட்டது. சீட்டு ஒன்றானால் போதாது, நிறுத்தமும் அருகருகே இருக்க வேண்டும்.

4. எந்தக் கடை, எங்கே. உட்தெருக்களில் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள் மட்டும். மதுக்கூடம், கிடங்கு, இரவு முழுவதும் சரக்கு இறக்கும் வணிகம் வேண்டாம். தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு நிலையத்தின் அருகில் முறையான இடம் ஒதுக்க வேண்டும்.

5. குழாயும் வடிகாலும் முதலில். நம் பகுதி 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அடிப்படை வசதிகளில் நகரின் நடுப்பகுதியை எட்டிப் பிடிக்கவே இன்னும் காலம் வேண்டியிருக்கிறது. கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி தருமுன் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் ஆகியவற்றின் கொள்ளளவைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் எந்தத் தெருவில் எத்தனை அங்குலம் நிற்கிறது என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கணக்கை நாமே எடுத்துக் கொடுப்போம்.

6. இங்கே வசூலித்த பணம் இங்கேயே. கூடுதல் தளப்பரப்புக்கும் அடிப்படை வசதிக்கும் என்று கட்டுமானக்காரர்களிடம் அரசு கட்டணம் வாங்குகிறது. நிலைய வட்டத்துக்குள் வசூலாகும் தொகையில் குறிப்பிட்ட பங்கு அதே வட்டத்தின் நடைபாதைக்கும், வடிகாலுக்கும், பூங்காவுக்கு நிலம் வாங்கவும் செலவிடப்பட வேண்டும். சிறு மனைகளில் விடப்படாத திறந்தவெளியை ஈடுகட்ட வேறு வழியில்லை.

7. எளியவர்களுக்கும் வீடு. நிலைய வட்டத்தில் அனுமதிக்கும் தளப்பரப்பில் குறைந்தது 30 சதவீதம் மலிவு விலை வீடுகளுக்கு என்று தேசியக் கொள்கை பரிந்துரைக்கிறது. பெரிய திட்டங்களிலாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும். சின்னச் சின்ன வீடுகளும் வாடகை வீடுகளும் அதில் இருக்க வேண்டும்.

8. வண்டி நிறுத்தம். நிலையத்துக்கு வருகிறவர்களின் வண்டிகள் நம் தெருவில் நிற்காதபடி, உள்ளே குடியிருப்போருக்கு மட்டும் அனுமதி, மற்றவர்களுக்குக் கட்டணம் என்ற முறை வேண்டும். இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வீட்டுக்குள் இடமிருந்தும் காரை நடைபாதையில் நிறுத்துவதையும், வாசற்படியையும் செடித்தொட்டியையும் தெருவுக்குள் நீட்டுவதையும் நாமே நிறுத்திவிட்டுத்தான் மாநகராட்சியிடம் நடைபாதை கேட்க வேண்டும்.

வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ நினைப்பவர்களுக்கு

இது சங்கத்தின் வேலையில்லை என்றாலும் பலர் என்னிடம் தனியாகக் கேட்பதால் சொல்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். நிலையம் திறந்து ஓரிரு ஆண்டு ஆன பிறகுதான் மனையின் உண்மையான மதிப்பு தெரியும். இன்று அவசரப்படுத்துகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது. கூட்டு முயற்சி ஒப்பந்தம் என்றால் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, கூடுதல் தளப்பரப்பு வாங்கினால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு, வேலை முடியும்வரை வாடகை யார் தருவது, தாமதமானால் என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினாலோ ரெரா சட்டப்படி பதிவு கட்டாயம். பழைய அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய அதில் வழியுண்டு. மீதி ஒரு பங்கில் இருப்பவர் பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவராக இருப்பார். அவரை நெருக்கிக் கையெழுத்து வாங்காமல், உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வைப்பது அண்டை வீட்டாரின் கடமை.

என் வேண்டுகோள்

நான்காவது தீர்மானத்தை இன்று வாக்குக்கு விடாமல் அடுத்த காலாண்டுக் கூட்டம் வரை ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இடையில் மூன்று வேலைகளைச் செய்வோம்.

முதலாவது, தெருவுக்கு இரண்டு பேராக நிலையம் வரை நடந்து பார்ப்பது. அதில் ஒருவர் அறுபது வயதுக்கு மேற்பட்டவராகவோ, குழந்தையைக் கைப்பிடித்து வரும் தாயாகவோ இருக்கட்டும். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை. எங்கே நடைபாதை அறுந்துபோகிறது, எங்கே விளக்கில்லை, எங்கே மின்பெட்டி வழியை மறிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் நகரில் வாடகைக்கு இருப்பவர்களையும், கடை வைத்திருப்பவர்களையும், வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேசுவது. சங்கக் கூடத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, எட்டுக் கோரிக்கைகளையும் திருத்தி, கூட்டிக் குறைத்து, பகுதி சபைக் கூட்டத்தில் மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் வைப்பது. பிறகு சி.எம்.டி.ஏ, கும்டா, மெட்ரோ நிறுவனம், மாநகராட்சி மண்டல அலுவலகம் நான்குக்கும் ஒரே நாளில் அனுப்புவது. 'அது எங்கள் துறை இல்லை' என்ற பதில் வராமலிருக்க இதுதான் வழி. பக்கத்து நகர்ச் சங்கங்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. ரயில் எல்லோருக்கும் பொது, மழைநீரும் நம் மதிற்சுவரைப் பார்த்து நிற்பதில்லை.

ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். திரும்பி வர நினைக்கும் மகனோ மகளோ இந்த நகரில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்து, கார் வாங்காமல், நடந்து போய் ரயிலேறி வேலைக்குப் போய்வர முடியுமா? நம் வீட்டில் வேலை செய்கிறவரின் மகளுக்கும் அது முடியுமா? அடுத்த கூட்டத்தில் எந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினாலும், இந்த இரண்டு கேள்விக்கும் 'முடியும்' என்று பதில் சொல்லும் தீர்மானமாக அது இருக்கட்டும்.

நடைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெளியே மேசையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் தெருப் பெயருடன் எழுதிவிட்டுப் போங்கள். இந்த மலரில் படிப்பவர்கள் செயலாளரிடம் சொன்னால் போதும்.